மாதவிடாயும் கபச் சுரப்பியும்

(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் மருத்துவ அம்மையார் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் இல்லங்களில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலிற் பேசப்படுவது. இதனைக் கூட்டத்தில் எடுத்துப் பேசலாமா என்று சிலர் கருதக்கூடும். பேசாமையால் விளையும் துன்பத்தை நாடோறும் கண்டு வருகிறவளாதலின், அக்கூச்சத்தைச் சற்று விலக்கி வைக்கத் துணிந்தேன். ஆடவர்களும் உடனிருந்து கேட்க வேண்டுமென்று சங்கத்தாரை நான் வேண்டிக்கொண்டதும் அக்காரணம் பற்றியே.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் தம் 17 வயது மகளை என்னிடம் அழைத்து வந்தார். அப்பெண்ணுக்கு ஏழு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. கடையில் ஏதோ மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தனர். அதை உண்டு நிறுத்திய சில நாட்களில் இரத்தம் கண்டது. நோய் தீர்ந்ததென்று வீட்டார் மகிழ்ந்தனர். அடுத்த மாதம் பழையபடி ஒன்றுமில்லை. “கருப்பையில் ஏதோ கோளாறு, அம்மா! வெளியிற் சொன்னால் இவளுக்கு வரன் வருமா?” என்று அத்தாய் கண்ணீர் விட்டார். நான் அப்பெண்ணைத் தனியே அழைத்து விசாரித்தேன். பரீட்சைக் கவலை ஒருபுறம். உடம்பு பருத்துவிடுமோ என்ற அச்சம் மற்றொருபுறம். நாளுக்கு ஒரு வேளையே உண்டு, விடியுமுன் எழுந்து நெடுந்தூரம் ஓடியும் வந்திருக்கிறாள். அவள் கருப்பையில் யாதொரு கோளாறும் இல்லை. கோளாறு இருந்த இடம் தலைக்குள்ளே. வயிற்றிலே நிகழும் காரியத்துக்குத் தலையிலே காரணமா என்று நீங்கள் வியப்பீர்கள். அதை விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

மூளையின் அடியில், மூக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னால், எலும்பாலாகிய ஒரு சிறு குழியில் பட்டாணி அளவுள்ள ஒரு சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதன் எடை ஏறக்குறைய அரைக் கிராம். மூளையினின்று கபத்தை வடித்து மூக்கிற்கு அனுப்புவதே இதன் தொழில் என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் காலென் கருதினார். 1543ஆம் ஆண்டில் தம் பெருநூலை வெளியிட்ட வெசேலியஸ் என்பாரும் கபத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாலேயே இதனைக் குறித்தார். பிட்யூட்டரி என்ற பெயர் அதிலிருந்து வந்தது. தமிழிற் கபச் சுரப்பி என்பதும் அவ்வழிப்பட்டதே. கபத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

இச்சுரப்பி குருதியிற் கலக்கும் ஹார்மோன்கள் பல. அவற்றுள் நமக்கு ஈண்டு வேண்டியவை இரண்டு. ஒன்று எஃப்.எஸ்.எச்.; மற்றொன்று எல்.எச். பெண்ணின் அடிவயிற்றில் கருப்பைக்கு இரு பக்கத்திலும் உள்ள சூலகங்களில், முட்டைகள் தனித்தனி நுண்பைகளுக்குள் உறங்கிக் கிடக்கின்றன. அந்நுண்பைகளை வளர்ப்பது எஃப்.எஸ்.எச். முதிர்ந்த நுண்பையைத் திறந்து முட்டையை வெளிப்படுத்துவது எல்.எச். வளரும் நுண்பையோ ஈஸ்ட்ரோஜன் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. கருப்பையின் உட்புறத்தைத் தடிக்கச் செய்வது இந்த ஈஸ்ட்ரோஜனே.

இவ்வுண்மைகள் ஒரே நாளில் வெளிப்பட்டவை அல்ல. சூலகத்தை எடுத்து உடலின் வேறோரிடத்தில் நட்டாலும் அது கருப்பையை வாடாமற் காக்கிறது என்று 1896இல் வியன்னாவிலிருந்த எமில் க்னவர் முயல்களிற் கண்டார். நரம்புத் தொடர்பு அறுந்தபின்னும் காரியம் நடக்கிறதாகலின், குருதி வழியே ஏதோ ஒரு பொருள் செல்லுகிறது என்பது பெறப்பட்டது. 1923இல் அமெரிக்காவில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்னும் இருவர், பன்றியின் நுண்பை நீரில் அப்பொருள் இருப்பதைக் காட்டினர். பின்னர் டாய்சியின் கூட்டத்தார் டன் கணக்கான பன்றிச் சூலகங்களை வடித்து, அவற்றினின்றும் சில மில்லிகிராம் ஈஸ்ட்ரடையாலை மாத்திரம் பெற்றனர். அத்துணைச் சிறிய அளவிலேயே அது வேலை செய்கிறது. இதற்கிடையில், கபச் சுரப்பியை எடுத்துவிட்டாற் சூலகம் வாடுகிறது என்பதை ஃபிலிப் ஸ்மித் என்பார் எலிகளில் நிறுவினார். 1927இல் அவரும், பெர்லினில் ஸோன்டெக், அஷ்ஹைம் என்பவர்களும், கபச் சுரப்பியின் துண்டை இளம் எலிக்கு வைத்தால் அதன் சூலகம் விரைந்து முதிர்வதைக் கண்டனர்.

இவ்வளவு கண்டபின், “கபச் சுரப்பி எசமான், சூலகம் வேலையாள்” என்று யாவரும் எண்ணியது இயல்பே. அவ்வெண்ணம் பாதி உண்மை. மற்றப் பாதியைக் கண்டவர்கள் சிகாகோ நகரத்து கார்ல் மூர் என்பாரும், டாரதி பிரைஸ் என்ற அம்மையாரும் ஆவர். பெண் ஹார்மோனை ஆண் எலிக்குக் கொடுத்தால் அதன் விதைகள் சுருங்கின. ஆண் ஹார்மோனும் பெண் ஹார்மோனும் ஒன்றுக்கொன்று பகை என்று பலர் பொருள் கூறினர். இவ்விருவரோ, அதே எலிக்குக் கபச் சுரப்பியின் சாரத்தையும் சேர்த்துக் கொடுத்தனர், விதைகள் சுருங்கவில்லை. ஆகவே ஹார்மோன்களுக்குள் பகை ஒன்றுமில்லை. கொடுத்த ஹார்மோன் கபச் சுரப்பியை அடக்கியது, அதனால் விதைகள் தூண்டுதலின்றி வாடின என்று 1932இல் எழுதினர். வேலையாள் எசமானுக்குப் “போதும், நிறுத்துக” என்று சொல்லி அனுப்புகிறான் என்பது அன்று தெரிந்தது.

ஆயினும் 1934இல் வால்டர் ஹோல்வெக் என்பார் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார். பருவமடையாத பெண் எலிக்கு ஒரு முறை ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தார். கபச் சுரப்பி அடங்க வேண்டியிருக்க, சில நாட்களில் அவ்வெலியின் சூலகத்தில் முட்டை வெளிப்பட்டதற்குரிய அடையாளங்கள் தோன்றின. அதாவது ஈஸ்ட்ரோஜன் கபச் சுரப்பியைத் தடுக்கவில்லை, ஏவிற்று. ஒரே பொருள் தடுப்பதும் ஏவுவதும் எங்ஙனம்? சகோதரிகளே, மாதச் சுழற்சியின் மர்மம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

இனி ஒரு மாதத்தைத் தொடர்ந்து பார்ப்போம். மாதவிடாய் தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொள்க. அப்பொழுது குருதியில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. ஒரு மில்லிலிட்டருக்குப் பெரும்பாலும் 50 பிக்கோகிராம் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கும். ஒரு கிராமை லக்ஷம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே பிக்கோகிராம். தடுப்பார் இல்லாமையால் கபச் சுரப்பி எஃப்.எஸ்.எச்.சைச் சற்று மிகுதியாக விடுகிறது. சில நுண்பைகள் ஒருங்கே வளரத் தொடங்குகின்றன. வளர்ந்த அளவுக்கு அவை ஈஸ்ட்ரோஜனையும், இன்ஹிபின் என்னும் துணைப்பொருளையும் சுரக்கின்றன. இவை இரண்டும் கபச் சுரப்பியின் கையைப் பிடிக்கின்றன; எஃப்.எஸ்.எச். குறைகிறது. குறைந்த எஃப்.எஸ்.எச்.சைக் கொண்டும் வளர வல்ல ஒரு நுண்பை மாத்திரம் மேலே செல்ல, மற்றவை வாடிப்போகின்றன. மானிட ஜாதியில் ஒரு பேற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குழந்தை பிறப்பதற்கு இத்தடையே காரணம். தடையென்றால் தீமை என்று எண்ணற்க. இத்தடை ஒரு பெரிய காவல்.

அடுத்து நிகழ்வதை நம் ஊர் ஏரியைக் கொண்டு விளக்கலாம். ஏரிக்கரை நீரைத் தடுக்கிறது. தடுப்பதனாலேயே நீர் சேருகிறது. நீர்மட்டம் கலங்கலின் உயரத்தை எட்டும் வரையில் ஒரு துளியும் அப்பால் வழியாது. எட்டியவுடன் வெள்ளம் பெருக்கெடுத்துப் பாய்கிறது. அதைப் போன்றே, வளரும் ஈஸ்ட்ரோஜன் எல்.எச். வெளிப்படுவதைத் தடுக்கும் அந்நாட்களிலேயே, கபச் சுரப்பிக்குள் எல்.எச். மிகுதியாகச் சேர்ந்து இருப்பாவதற்கும் துணை செய்கிறது. மேலிருந்து வரும் கட்டளையைக் கூர்ந்து கேட்கும் திறனையும் அச்சுரப்பிக்கு அது கூட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறக்குறைய 200 பிக்கோகிராமைக் கடந்து, இரண்டு நாள் அளவும் குறையாமல் நின்றுவிட்டாற் பின் தடை இல்லை. சேர்ந்திருந்த எல்.எச். பன்மடங்காக வெளிப்படுகிறது. அவ்வெள்ளம் இரண்டு நாள் அளவுக்கு நீடிக்கிறது. தொடங்கிய ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளிப்படுகிறது.

அளவு வேண்டும், அவ்வளவு நிற்கும் காலமும் வேண்டும். ஒரு நாள் உயர்ந்து மறுநாள் தாழ்ந்தாற் பயனில்லை. இவையன்றி மூன்றாவது நிபந்தனையும் உண்டு. முட்டை வெளிப்பட்டபின், வெறுமையான நுண்பை மஞ்சள் நிறத் திரளாக மாறிப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் மறுபடியும் உயர்கிறது. ஆனால் இம்முறை வெள்ளம் வருவதில்லை. ஏனெனின், புரோஜெஸ்டிரோன் உடனிருக்கும்பொழுது ஈஸ்ட்ரோஜனால் ஏவ இயலாது. இரண்டும் சேர்ந்து தடுக்கவே செய்கின்றன. ஒரு முட்டை புறப்பட்டபின் மற்றொன்று புறப்படாதவாறு இயற்கை இட்ட தாழ் இது. கரு உண்டாகாவிடின் அம்மஞ்சள் திரள் ஏறக்குறைய 14 நாளில் வாடுகிறது. இரு ஹார்மோன்களும் வீழ்கின்றன. தடித்திருந்த கருப்பை உட்புறம் ஆதரவிழந்து மாதவிடாயாக வெளிப்படுகிறது. தடை நீங்கியதனால் எஃப்.எஸ்.எச். மீண்டும் எழுகிறது. ஒரு மாதத்தின் முடிவே மறு மாதத்தின் தொடக்கம்.

“பதினான்காம் நாள் முட்டை வரும்” என்று எல்லாப் பெண்களுக்கும் ஒரே கணக்குச் சொல்லுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். பின்பாதி ஏறக்குறைய நிலையானது; முன்பாதியோ நுண்பை முதிரும் வேகத்தைப் பொறுத்தது. 28 நாட் சுழற்சி உடையவளுக்குப் பதினான்காம் நாளையொட்டி நிகழ்வது, 35 நாட் சுழற்சி உடையவளுக்கு இருபத்தோராம் நாளையொட்டி நிகழக்கூடும்.

மேலிருந்து வரும் கட்டளை என்றேனே, அது யாது? கபச் சுரப்பிக்கும் மேலே ஹைபோதாலமஸ் என்னும் மூளைப் பகுதி இருக்கிறது. பசி, தாகம், உறக்கம், உடற்சூடு ஆகியவற்றைக் கவனிக்கும் இடம் அது. அவ்விடத்திலிருந்து நுண்ணிய குருதிக்குழாய்கள் கபச் சுரப்பிக்கு இறங்குகின்றன. மூளையின் கட்டளை அவற்றின் வழியே இரசாயனப் பொருளாக வருகிறது என்பதை இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ் தம் ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். பத்து அமினோ அமிலங்களாலான அப்பொருளின் அமைப்பு 1971இல் வெளியாயிற்று. அதற்காகப் போட்டியிட்டு உழைத்த ஷாலி, கில்லமென் என்னும் இருவரும் 1977இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். ஜி.என்.ஆர்.எச். என்பது அதன் சுருக்கப் பெயர்.

அப்பொருள் வரும் முறையை ஆராய்ந்தவர் பிட்ஸ்பர்க் நகரத்து எர்ன்ஸ்ட் க்னோபில். நம்மைப் போலவே ஏறக்குறைய 28 நாளுக்கு ஒரு முறை மாதவிடாய் காணும் ரீஸஸ் குரங்குகளில் அவர் சோதனை செய்தார். ஹைபோதாலமஸின் உரிய பகுதி அழிந்த குரங்குக்கு ஜி.என்.ஆர்.எச்.சை இடைவிடாமற் செலுத்தினாற் கபச் சுரப்பி அடங்கிப்போயிற்று. மணிக்கொரு முறை சிறிது சிறிதாகச் செலுத்தினாலோ எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் மீண்டன. இதை 1978இல் அவர் கூட்டத்தார் வெளியிட்டனர். 1980இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் பெரிது. செலுத்தும் அளவையும் இடைவெளியையும் சிறிதும் மாற்றாமல் வைத்திருந்தபோதும், அக்குரங்குகளில் மாதச் சுழற்சி முழுவதும் உரிய காலத்தில் நிகழ்ந்தது, எல்.எச். வெள்ளமும் வந்தது. மேலிருந்து வந்த தூண்டுதல் என்றும் ஒரே சீராக இருக்க, காலத்தைக் குறித்துக் கொடுத்தது யார்? சூலகம், அது அனுப்பிய ஈஸ்ட்ரோஜன். எசமானென்று நாம் எண்ணியவன், வேலையாளின் சொல்லுக்குக் காத்திருக்கிறான்.

ஈஸ்ட்ரோஜன் இவ்வாறு கபச் சுரப்பியில் நேராகவும் வேலை செய்கிறது. ஹைபோதாலமஸின் வழியாகவும் வேலை செய்கிறது. ஆனால் ஜி.என்.ஆர்.எச்.சைச் சுரக்கும் நரம்பணுக்களில் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் முதன்மையான வாயில் இல்லை. பின் எங்ஙனம் அவை அறிகின்றன என்பது நெடுநாள் விளங்காதிருந்தது. 2003இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும், பருவமடைதல் நிகழாத குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் கிஸ்பெப்டின் என்னும் பொருளின் முக்கியத்துவத்தைக் கண்டனர். அதைச் சுரக்கும் நரம்பணுக்களே இடைநின்று ஈஸ்ட்ரோஜனின் செய்தியைக் கேட்டு அப்பால் உரைக்கின்றன என்பது பின்னர்ப் புலனாயிற்று.

இனி இவ்வறிவால் நமக்கு ஆவது என்ன என்று பார்ப்போம். மாதவிடாய் என்பது தலையும் சூலகமும் ஓயாமல் நடத்தும் சம்பாஷணையின் முடிவு. இறுதியிற் காணப்படும் இரத்தத்தை மாத்திரம் பார்த்து, கருப்பை ஒன்றையே குற்றஞ் சாட்டுதல் தகாது. சம்பாஷணை எவ்விடத்தில் அறுந்தது என்று தேட வேண்டும்.

முதலாவது, பூப்படைந்த புதிது. ஈஸ்ட்ரோஜன் தடுக்கும் வழி இளமையிலேயே அமைந்துவிடுகிறது. ஏவும் வழி முதிர்வதற்குப் பின்னும் காலம் ஆகிறது. ஆதலால் முதல் இரண்டொரு ஆண்டுகளில் முட்டை வெளிப்படாமலே மாதவிடாய் முன்பின்னாக வருதல் இயல்பு. அதற்காகச் சிறு பெண்ணை நோயாளியாக்கி வருத்த வேண்டாம். ஆனால் 15 வயதாகியும் பூப்பெய்தாவிடினும், வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றுவிடினும், பெரும்போக்காகப் போகினும் மருத்துவரிடம் காட்டுதல் கடமை.

இரண்டாவது, உணவின்மையும் மனக்கவலையும் மிக்க உழைப்பும். தேகத்தில் இருப்புக் குறைந்தால் ஹைபோதாலமஸ், “இது பிள்ளை பெறுங் காலமன்று” என்பது போலத் தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்கிறது. கபச் சுரப்பி அயர்கிறது; சூலகம் உறங்குகிறது; ஈஸ்ட்ரோஜன் வற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் வற்றினால் எலும்பும் வலிவிழக்கும். நான் முதலிற் கூறிய பெண்ணின் நிலை இதுவே.

மூன்றாவது, கபச் சுரப்பியின் நோய்கள். அச்சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியினால் பால் சுரப்பிக்கும் புரோலாக்டின் மிகுந்து, மாதவிடாய் நின்று, பிள்ளைப்பேறு தடைப்படலாம். இதனைக் குருதிச் சோதனையால் அறியலாம். பெரும்பாலும் மாத்திரையாலேயே அடக்கலாம். இதை அறியாமல் எத்தனை மருமகளிர் மலடி என்ற வசையைச் சுமந்தனரோ! மற்றொன்று, 1937இல் ஷீஹன் என்பார் விளக்கியது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலாற் கபச் சுரப்பி பருக்கிறது. பேற்றின்போது அளவுகடந்த இரத்தம் போய்விட்டால், பருத்த அச்சுரப்பிக்குக் குருதி எட்டாமல் அது பட்டுப்போகலாம். பிள்ளைக்குப் பால் சுரவாமை, பின் மாதவிடாய் திரும்பாமை, ஓயாத சோர்வு ஆகியன அதன் அறிகுறிகள். நம் நாட்டிலும் மருத்துவர் இதைக் காண்கின்றனர். பேற்றின்போது பெருகிய இரத்தத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் மருத்துவரிடம் மறவாமற் சொல்ல வேண்டும்.

நான்காவது, மாதவிடாய் ஓயும் வயது. சூலகத்தில் நுண்பைகள் தீர்ந்தபின் ஈஸ்ட்ரோஜன் இல்லை. தடுப்பார் இன்மையாற் கபச் சுரப்பி எஃப்.எஸ்.எச்.சைப் பன்மடங்கு பெருக்குகிறது. அவ்வயதில் திடீரென்று உடல் கனன்று வியர்க்கும் துன்பம் மெய்யானது. ஹைபோதாலமஸில் ஈஸ்ட்ரோஜனின் தடை நீங்கியதால் நேர்வது. அதை வீண் கோபமென்றும் பாசாங்கென்றும் வீட்டார் இகழலாகாது.

மருந்துகளும் இச்சம்பாஷணையிற் புகுந்தே வேலை செய்கின்றன. கருத்தடை மாத்திரை ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோன் போன்ற பொருளையும் நாடோறும் கொடுத்துத் தடையை நிலைநிறுத்துகிறது, வெள்ளம் எழுவதில்லை. 1961இல் கிரீன்பிளாட் முதலியோர் பயனுடையதெனக் காட்டிய க்ளோமிஃபீனோ, ஈஸ்ட்ரோஜனின் வாயிலை மறைத்து நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லையென்று மயங்கிய மூளை எஃப்.எஸ்.எச்.சை எழுப்ப, முட்டை வளர்கிறது. ஒன்று தடுத்துப் பயன்படுகிறது. மற்றொன்று தடையை நீக்கிப் பயன்படுகிறது.

அப்பெண்ணுக்குக் கடையில் வாங்கிக் கொடுத்த மாத்திரை செய்தது யாது? கருப்பை உட்புறத்தைச் சில நாள் தாங்கி, நிறுத்தியவுடன் உதிரச் செய்தது. தலையும் சூலகமும் அப்பொழுதும் பேசிக்கொள்ளவில்லை. இரத்தம் வந்தது, சுழற்சி வரவில்லை. இவ்வேறுபாட்டை ஒவ்வொரு தாயும் அறிந்திருத்தல் வேண்டும். நான் வேறு நோய்கள் இல்லையென்று சோதித்தபின், அவள் உணவை மூன்று வேளையாக்கி, ஓட்டத்தைக் குறைத்து, பரீட்சையைப் பற்றி அவளைக் கடிந்து பேசாதிருக்கும்படி வீட்டாரை வேண்டினேன். எடை ஏறியது. ஐந்து மாதங்களுக்குப் பின் அவளுக்கு மாதவிடாய் தானாகவே வந்தது. அத்தாய் மறுபடியும் என்னிடம் வந்து, “கருப்பையை நினைத்து அழுதேன், அம்மா! குழந்தையின் தட்டைப் பார்க்கவில்லை” என்றார்.

சகோதரிகளே! இந்த ஒரு வாக்கியத்தை உங்களுடன் கொண்டு செல்லுமாறு வேண்டுகிறேன். உங்கள் பெண்களின் மாதவிடாய்த் தேதிகளைக் குறித்து வையுங்கள். முன்பின்னானாற் பழி சொல்லாமற் காரணம் கேளுங்கள். மருத்துவர் சொல்லாத மாத்திரையைக் கொடாதீர்கள். சகோதரர்களே! பிள்ளைப்பேறு தாமதித்தால் மனைவியை மாத்திரம் சோதனைக்கு அனுப்பாமல், நீங்களும் உடன் சென்று சோதித்துக்கொள்ளுங்கள். பட்டாணி அளவுள்ள ஒரு சுரப்பியும், அதனோடு பேசும் சூலகமும் மாதந்தோறும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு நடக்கின்றன. ஓர் இல்லத்தில் வாழும் நாம் அவ்வளவேனும் ஒருவரை ஒருவர் கேட்டறிதல் வேண்டாமா?